பாட்டு மேஸ்திரியும் ஒரு கீச்சுச் சத்தமும்

தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே லாரி ஓட்டிப் பிழைக்கிறவர்களில், பாட்டு மேஸ்திரியின் முன்னால் வாயைத் திறந்து பாடாதவர் ஒருவர்கூடக் கிடையாது. அப்படி ஒருவர் இருந்தால், அவர் இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

பாட்டு என்றதும் ராகம், தாளம் என்று போய்விடாதீர்கள். வண்டியில் என்ன சத்தம் வருகிறதோ அதை வாயால் போட்டுக் காட்ட வேண்டும். அதுதான் அவர் ஷெட்டின் சட்டம். மற்ற மெக்கானிக்குகள் பானெட்டைத் திறப்பார்கள். இவர் முதலில் டிரைவரின் வாயைத் திறக்கச் சொல்வார். கியர் மாற்றும்போது 'கர்ர்ர்' என்றால் 'கர்ர்ர்'. பள்ளத்தில் இறங்கும்போது 'டொடக்' என்றால் 'டொடக்'. இவர் ஒரு முழத் தூரத்தில் நேருக்கு நேர் நின்று, பல் டாக்டர் மாதிரி உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். அப்புறம் "சென்டர் பேரிங்" என்பார். சென்டர் பேரிங்காகத்தான் இருக்கும்.

தண்ணி லாரி ஓட்டுகிற ஆறடி ஆள் ஒருவர், கழுத்தில் புலிநகம், கையில் காப்பு, அந்த ஷெட்டில் நின்று எலிக்குஞ்சு மாதிரி 'க்விக், க்விக்' என்று கத்தியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "வாய நல்லா தொற. மீசைய தூக்கு" என்று மேஸ்திரி அதட்டினார். அந்த மனிதர் இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி 'க்விக், க்விக்' என்றார். இன்னொருவர் சாமர்த்தியமாகச் சத்தத்தை செல்போனில் பதிவு செய்து கொண்டுவந்தார். மேஸ்திரி போனைத் தொடக்கூட இல்லை. "மெஷின் பாடுனா எனுக்கு வாணாம். நீ பாடு" என்று சொல்லிவிட்டார். முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு வந்தால் வண்டியையே எடுக்க மாட்டார்.

இதையெல்லாம் நாங்கள் கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஷெட் எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். பட்டப்பெயரைக்கூடக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். காரணம் பின்னால் தெரியும்.

நான் அந்த ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது என் தலையெழுத்து. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார், கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியர். ஓய்வு பெற்றதும் என் நண்பர்கள் எல்லோரும் முட்டி வலிக்கு டாக்டரைப் பார்த்தார்கள். நான் மட்டும் மச்சினன் பேச்சைக் கேட்டு ஒரு பழைய லாரி வாங்கினேன். கூடுவாஞ்சேரிப் பக்கம் புதுசு புதுசாக மனைப்பிரிவு போடுகிறார்கள், செங்கல் ஏற்றிக்கொண்டே இருக்கலாம், உட்கார்ந்த இடத்தில் ராஜா மாதிரி இருக்கலாம் என்றான். உட்கார்ந்துதான் இருந்தேன், கேம்ப் ரோடு சிக்னலில்.

டிரைவர் முனுசாமி நல்லவர், பக்திமான், பீடி சிகரெட் கிடையாது. ஒரே ஒரு குறை, அவருடைய இடது கால். அது கிளட்ச் பெடலை விட்டு இறங்கவே இறங்காது. மிதிக்கவும் மாட்டார், எடுக்கவும் மாட்டார். சும்மா வைத்துக்கொண்டே ஓட்டுவார். "கால் வைக்காதீங்க முனுசாமி" என்றால் "வெக்கல சார், அது சும்மா ஒக்காந்துகினு கீது" என்பார். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு மே மாத மத்தியானத்தில், வண்டலூர் மேம்பாலத்து ஏற்றத்தில், செங்கல் லோடோடு கிளட்ச் கருகியது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம்தான் பாட்டு மேஸ்திரியின் ஷெட்.

கருகிய கிளட்ச் தட்டை வெளியே எடுத்து மேஸ்திரி முனுசாமி மடியில் வைத்தார். "காலா அது, அம்மிக்கல்லா? தட்டு தேஞ்சி தோசையாயிட்சி பாரு" என்றார். புது கிளட்ச் போட்டார், புது பேரிங் போட்டார். எல்லாம் முடிந்ததும் ஒரு காரியம் செய்தார். கிளட்ச் பெடலுக்குச் சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, சூடம் காட்டினார். முனுசாமியை அதற்கு முன்னால் கைகூப்பி நிற்க வைத்தார்.

"இனிமே இது சாமி. வேலைக்கு மிதி, தப்பில்ல. சும்மா கால் வெச்ச, கண்ணு அவிஞ்சிடும்."

பக்திமானுக்கு இது போதுமே! அன்று முதல் முனுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினார். கியர் மாற்ற மிதிக்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்ற நேரம் இடது காலை மடித்து இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். பொட்டு அழிந்தால் காலையில் அவரே புதுசாக வைத்தார். நானும் மேஸ்திரியின் மூளையை மெச்சிக்கொண்டேன்.

முதல் லோடிலேயே சத்தம் ஆரம்பித்தது.

கீச், கீச், கீச். குருவிக்குஞ்சு ஒன்று என்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவே எங்கோ உட்கார்ந்து பசிக்கு அழுவதுபோல. வண்டி நின்றாலும் வரும், ஓடினாலும் வரும். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

திரும்பப் போனோம். "பாடு சார்" என்றார் மேஸ்திரி.

என் மீசையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களை ஒரு பார்வையில் உட்கார வைத்த, மேலுதடே தெரியாத தலைமையாசிரியர் மீசை அது. அந்த மீசையை வைத்துக்கொண்டு பத்து லாரிக்காரர்கள் முன்னால் 'கீச்' என்று கத்துவதா? "அதெல்லாம் எனக்கு வராது மேஸ்திரி, வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றேன்.

முனுசாமி பாடினார். அவர் போட்டது 'ஙொய்ங்' என்று இருந்தது. எனக்கே அது எந்த வண்டியின் சத்தம் என்று விளங்கவில்லை.

மேஸ்திரி வண்டியில் ஏறினார். வெறுங்காலை கிளட்ச் பெடலின் மேல் மெல்ல வைத்தார். ஒரு கையை கியர் கம்பியில் வைத்தார். கண்ணை மூடினார். சத்தம் நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணியும் இல்ல சார், நல்லாத்தான் கீது" என்று இறங்கினார். தெருமுனை திரும்பினோம். கீச், கீச், கீச்.

இப்படி ஒரு வாரத்தில் மூன்று தடவை. இரண்டாவது தடவை கியர் பாக்ஸையே இறக்கினார். போட்ட புது பேரிங்கைக் கழற்றி இன்னொரு புது பேரிங் போட்டார். அவர் ஏறி உட்கார்ந்தால் சத்தமில்லை, முனுசாமி உட்கார்ந்தால் சத்தம். "சாமி குத்தம் சார்" என்று முனுசாமி அழ ஆரம்பித்தார். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை. வெயில், தூசி, தலைக்கு மேல் பத்து நிமிடத்துக்கு ஒரு விமானம், பக்கத்தில் மின்சார ரயில், போகிற வருகிற ஏர் ஹாரன். இத்தனைக்கும் நடுவில் ஒரு கீச்சைத் தேடிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். "முப்பத்திரண்டு வருஷம் பசங்களோட கத்தினப்பகூட இவ்வளவு அலுத்ததில்லை. இந்த ஆளுக்கு வேலையே தெரியலை" என்று அவர் முதுகுக்குப் பின்னால் சத்தமாகவே சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன திமிர் என்று நினைத்தேன்.

மற்ற டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. சத்தம் கண்டுபிடிப்பதற்கென்றே பேர் எடுத்தவர், தன் கையால் போட்ட கிளட்சில் வருகிற சத்தத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கிறாரே! டீக்கடையில் இதே பேச்சு. அது அவர் காதுக்கு எப்படிப் போனதோ, போய்விட்டது. மூன்றாவது தடவை நாங்கள் போனபோது நடுஷெட்டில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

"சனிக்கெழமக்குள்ள இந்த சத்தத்த புடிக்கல, ஸ்பேனர கீழ வெச்சிடறேன். ஷெட்ட மூடிட்டு பொண்ணு வூட்ல போய் குந்திக்கிறேன். இது சத்தியம்."

லாரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மனிதர் சொன்னதைச் செய்கிறவர் என்று எல்லோருக்கும் தெரியும். மூடினால் மூடட்டும், எனக்கு வேறு மெக்கானிக் கிடைக்காமலா போய்விடுவான் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டியை அவரிடமே விட்டுவிட்டு வரலாம் என்று போனேன். மேஸ்திரி ஷெட் வாசலில் முதுகைக் காட்டிக் குனிந்து ஏதோ துடைத்துக்கொண்டிருந்தார். ஷெட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த என்ஜின்களின் உறுமலுக்கு நடுவே ஒரு டிப்பர் லாரி பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. அதன் ரிவர்ஸ் ஹாரன் 'பீங், பீங்' என்று ஊரையே கூட்டியது. தெருநாய்கூட எழுந்து ஓடிவிட்டது. இவர் நகரவில்லை. "மேஸ்திரி!" என்று கத்தினேன். அசையவில்லை. கடைசியில் நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேருமாகப் பழைய டயர் அடுக்கின் மேல் விழுந்தோம். அவர் நின்ற இடத்தில் டிப்பரின் சக்கரம் வந்து நின்றது.

முப்பத்திரண்டு வருடம் ஒலி அலைகளைப் பற்றிப் பாடம் நடத்தியவனுக்கு அப்போதுதான் உறைத்தது. திறந்த வாய், தூக்கிய மீசை, தொடாத செல்போன், வண்டியின் மேல் வைத்த உள்ளங்கை. எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன.

டயரின் மேல் உட்கார்ந்தபடியே அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். "எத்தனை வருஷமா மேஸ்திரி?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். டிப்பர் டிரைவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகும்வரை பேசவில்லை.

"ஏழெட்டு வருசமா சார். சம்மட்டி சத்தத்துலயே நின்னு நின்னு போயிட்சி. கட்ட சத்தம் கேக்குது. இந்த ரயிலு வர்ற சத்தம், என்ஜின் ஓடுறது எல்லாம் கேக்குது. கீச்சு சத்தம், விசிலு, மணி, குருவி, ஒண்ணும் கேக்காது. ஆளு பேசுறது மூஞ்சிய பாத்தா புரியும். முதுகு பக்கம் பேசுனா புரியாது."

முதுகுப் பக்கம் நான் பேசியது ஞாபகம் வந்து எனக்கு முகம் சுருங்கியது.

"காதுக்கு மெஷின் வெச்சிக்கலாமே?"

"சத்தம் கண்டுபுடிக்கிறவன் காதுல மெஷினா? எவன் சார் வண்டி வுடுவான்? டாக்டரு எழுதி குடுத்தது வூட்ல பீரோவுல கீது." பிறகு சொன்னார்: "உன் வண்டில இன்னா சத்தம்னே எனுக்கு தெரியாது சார். அந்த முனுசாமி வாய பாத்தேன், ஒரு எழவும் புரியல. உன் வாய காட்டுவேன்னு பாத்தேன். நீ பாட மாட்டேன்ட்ட."

எனக்குச் சுரீரென்றது. என் மீசையின் கௌரவத்துக்காக ஒரு மனிதர் ஒரு வாரமாக இருட்டில் தேடியிருக்கிறார். அத்தனை கனமான கியர் பாக்ஸை மறுபடியும் இறக்கி ஏற்றியிருக்கிறார். நானோ ஸ்டூலில் உட்கார்ந்து அலுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வெளிய சொல்லிடாத சார்" என்றார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

மாடம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்து கிரேஸிடம் மட்டும் சொன்னேன். கிரேஸ் என் மனைவி. சர்ச் பாடகர் குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறவள். ஆர்கனில் ஒரு கட்டை இம்மி பிசகினால் பிரசங்கம் முடியும்வரை முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பாள். லாரியை அவள் ஒரு நாளும் மதித்ததில்லை. அதற்கு 'உங்க தம்பிப் பாப்பா' என்றுதான் பெயர்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க அவருக்காக ஒரு தடவை வாயைத் திறந்தா என்ன கொறைஞ்சிடும்?" என்றாள்.

"எனக்கு அந்தச் சத்தம் வராது கிரேஸ்."

"உங்களுக்கு வராது. நாளைக்கு நான் வரேன்."

சனிக்கிழமை ஷெட்டில் கூட்டம். சத்தியத்தின் கடைசி நாள் அல்லவா, வேலையில்லாத லாரிக்காரர்கள்கூட வந்து டீயோடு நின்றிருந்தார்கள். மேஸ்திரி சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். ஸ்பேனரைக் கீழே வைப்பதற்கென்றே உடுத்திக்கொண்டு வந்ததுபோல் இருந்தது.

கிரேஸ் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். மேஸ்திரியை வண்டியில் ஏறி என்ஜினைப் போடச் சொன்னாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு வண்டிக்கு நேர் முன்னால், முன்கண்ணாடி வழியாக மேஸ்திரிக்கு முகம் நன்றாகத் தெரிகிற இடத்தில் போய் நின்றாள்.

"மேஸ்திரி, சத்தம் வர்ற வரைக்கும் நான் பாடுவேன். நின்னா நானும் நிறுத்திடுவேன். என்னையே பாருங்க."

வாயைத் திறந்தாள். கீச், கீச், கீச். அச்சு அசல். எங்கள் வண்டிக்குள் இருந்த அந்தக் குருவிக்குஞ்சு வெளியே வந்து புடவை கட்டிக்கொண்டு நின்றது. கூட்டத்தில் ஒருவர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

மேஸ்திரி இருக்கையில் அமர்ந்தபடியே, வழக்கம்போல வெறுங்காலை மெல்லப் பெடலின் மேல் வைத்தார். கிரேஸ் வாயை மூடினாள்.

அவர் காலை எடுத்தார். கிரேஸ் பாடினாள்.

காலை வைத்தார். வாய் மூடியது. எடுத்தார். கீச், கீச். வைத்தார், எடுத்தார், வைத்தார், எடுத்தார். ஒரு சின்னப் பிள்ளை ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல என் மனைவியைப் பாட வைத்து நிறுத்திக்கொண்டே இருந்தார். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. பிறகு ஸ்டீயரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நான் தொட்டா நிக்குது! அடப்பாவி, நான் தொட்டா நிக்குதுடா!"

காது கேட்காத மனிதர், சத்தத்தைத் தொட்டுத்தான் தேடுவார். இந்தச் சத்தமோ தொட்டால் வாயை மூடிக்கொள்ளும் சத்தம். ஒரு வாரமாக இரண்டு பேரும் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறார்கள்.

அப்புறம் கால் மணி நேர வேலைதான். நீளமான மூங்கில் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். கிரேஸ் பக்கவாட்டில் வந்து, அவருக்கு முகம் தெரியும்படி முக்காலியில் குனிந்து உட்கார்ந்து பாடினாள். அவர் கம்பால் ஒவ்வொரு இடமாக அழுத்தினார். கியர் பாக்ஸை அழுத்தினார், பாட்டு நிற்கவில்லை. கிளட்ச் மூடியை அழுத்தினார், நிற்கவில்லை. பெடலை மிதித்தால் உள்ளே கிளட்சைத் தள்ளுகிற இரும்புக் கை ஒன்று உண்டு, ஃபோர்க் என்பார்கள். அதன் முனையை அழுத்தினார். பாட்டு பட்டென்று நின்றது.

அந்த ஃபோர்க் உட்காருகிற இடம் காய்ந்து தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. புதுசாக ஆனதல்ல, பல வருடத்துத் தேய்மானம். அப்படியானால் சத்தம் அத்தனை வருடமாக எங்கே போயிருந்தது? முனுசாமியின் இடது காலுக்கு அடியில்தான். கால் அழுத்திக்கொண்டே இருந்தவரை அது வாயைத் திறக்கவில்லை. மேஸ்திரி பெடலுக்குப் பொட்டு வைத்தார், முனுசாமி காலை எடுத்தார், சத்தம் வெளியே வந்தது. இதைச் சொன்னதும் முனுசாமி, "அப்போ நான் செஞ்சது சரிதானே சார்?" என்றார். மேஸ்திரி கம்பைத் தூக்கினார். முனுசாமி ஓடிவிட்டார்.

"ரெண்டு தபா இத கையில எடுத்து தொடச்சி திரும்ப மாட்னேன் சார்" என்று மேஸ்திரி என்னிடம் மெதுவாகச் சொன்னார். வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். கூட்டம் கைதட்டியது. அம்மா நல்லா பாடினாங்க, மேஸ்திரி புடிச்சிட்டார், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். "அம்மா, அடுத்த வாரம் நம்ம வண்டிக்கும் வந்து பாடுங்க" என்று ஒருவர் கிரேஸைக் கூப்பிட்டார்.

போன வருடம் லாரியை விற்றுவிட்டேன். முனுசாமியே வாங்கிக்கொண்டார். பொட்டு இன்னும் இருக்கிறது. இதை எழுதட்டுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "பேர மாத்தி எழுது. நம்ம டிரைவருங்கோ எவன் சார் புஸ்தகம் படிக்கிறான்? எல்லாம் போன்ல வீடியோ பாத்துகினு கீறானுங்கோ" என்றார். காது மெஷின் இன்னும் பீரோவிலேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொண்டால் நாம் பேசுவது அவருக்குப் புரியாது, விஷயம் அதோடு முடிந்தது.

சனிக்கிழமைகளில் நான் அந்த ஷெட்டுக்குப் போகிறேன். அதே பிளாஸ்டிக் ஸ்டூல். வெட்கப்படுகிற டிரைவர் எவனாவது வந்து, பாடாமல் நெளிந்தால், நான் எழுந்து அவன் வண்டிப் பக்கம் போய்க் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, மேஸ்திரிக்கு நேர் எதிரே வந்து நிற்கிறேன். 'கர்ர்ர்', 'டொடக்', 'க்விக்', எதுவானாலும் சரி, பாடுகிறேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒரு தரம் பைக்கை நிறுத்தி, வாயைப் பிளந்துகொண்டு பார்த்துவிட்டுப் போனான். பார்க்கட்டும்.

லாரிதான் போய்விட்டதே, அங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கிரேஸ் இதுவரை கேட்டதில்லை. சனிக்கிழமை காலையில் கத்தரிக்கோலை மட்டும் கண்ணாடி முன்னால் எடுத்து வைக்கிறாள். "மீசையைக் கொஞ்சம் கொறைச்சிட்டுப் போங்க. அவருக்கு வாய் தெரியணுமில்ல?"